ரெண்டு கிளிக் தள்ளி வை, தம்பி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் சரம் தொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். பசியாறும் கடைகளில் தோசைக்கல் சூடேறுகிறது. ஐந்தடி நீள இறக்கை ஒன்றைப் பழைய கைலியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு நான் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்படித்தான். கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறி, இறக்கையைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டால், யாராவது ஒருவர் விசாரிக்காமல் இருக்கமாட்டார்.

அன்றைக்கு விசாரித்தது, எதிரே அப்பாவோடு உட்கார்ந்திருந்த பையன். பத்து வயது இருக்கலாம்.

"அங்கிள், இது நெசமா பறக்குமா?"

"பறக்கும்."

"பேட்டரியா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லைங்க, எஞ்சின். நம்ம மோட்டர் மாதிரிதான். கார்பரேட்டர்கூட இருக்கு."

கார்பரேட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தம்முடைய பழைய ஈஎக்ஸ்5 மோட்டரைத் தாமே டியூன் செய்த கதையை ஷா ஆலம் நிலையம் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்குரூவை எவ்வளவு திருப்பினார், சத்தம் எப்படி மாறியது என்று கையாலேயே காட்டினார். இறங்கும்போது மகனிடம், "அங்கிள் பிளேன்லயும் அதே வேலைதான்டா" என்றார்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் முழுக்கச் சரியில்லை. அந்தக் கொஞ்ச வித்தியாசத்தில்தான் நான் ஒரு விமானத்தையும் ஓர் எஞ்சினையும் பறிகொடுத்தேன்.

கிள்ளான் அண்ணன்

கிள்ளான் நிலைய வாசலில் அண்ணன் தம் பழைய வேனோடு காத்திருப்பார். கூடப் பிறந்தவர் இல்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் 'அண்ணே' என்றே கூப்பிட்டு வருகிறேன். நாற்பது ஆண்டுகள் கிள்ளானில் மோட்டர் பட்டறை நடத்தியவர். இப்போது பட்டறையை மகன் பார்க்கிறார். அண்ணனுக்கு எழுபது வயது.

டூ ஸ்ட்ரோக் மோட்டர்கள் சாலையை ஆண்ட காலத்தில் வேலை செய்த காதுகள் அவருடையவை. இடது காது போய்ப் பல வருடமாகிறது. வலது காது பாதிதான் கேட்கிறது. காது கருவி வைத்துக்கொண்டால் பேச்சு புரிகிறது. எஞ்சின் சத்தம் மட்டும் சல்லிக்கல்லைத் தகர டின்னில் போட்டு ஆட்டுவதுபோல் இருக்கிறதாம்.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் முதன்முறையாக அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். எஞ்சினுக்குப் பின்னால் குனிந்து நின்றவர், நீடிலிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "எனக்குச் சரியாத் தெரியல. நீ கேட்டுச் சொல்லு, தம்பி" என்றார். அவரிடம் தொழில் கற்றவன் நான். அவர் காதுக்கு மேல் என் காதை நம்பச் சொன்னபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கிண்ணம் இல்லாத கார்பரேட்டர்

எங்கள் விமானத்தில் இருப்பது '40 சைஸ்' என்று சொல்லப்படும் எஞ்சின். 0.40 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.5 சிசி. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் முழு வேகத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று வரைக்கும் சுற்றும். ஜப்பானின் ஓசாகாவில் 1936-இல் ஷிகெயோ ஒகாவா என்பவர் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனத்தின் எஞ்சின்கள் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை. அண்ணனிடம் இருப்பதும் அதில் ஒன்றுதான்.

இந்த எஞ்சினுக்கு நாம் அறிந்த ஸ்பார்க் பிளக் கிடையாது. குளோ பிளக் என்ற ஒன்று உண்டு. உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள். தொடங்கும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்தால் சுருள் சிவக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரிபொருளில் உள்ள மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும், எரிதலின் சூடும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்துக்கொள்ளும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, பேட்டரி, காயில் என்று சுமந்துகொண்டிருந்த குட்டி விமானங்களின் எடை வெகுவாகக் குறைந்தது.

கார்பரேட்டரின் அடிப்படை மோட்டரில் உள்ளதேதான். குழாயின் நடுப்பகுதி குறுகியிருக்கும். அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், எரிபொருள் உறிஞ்சப்பட்டுத் தூவலாகிக் காற்றோடு கலக்கும். எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதை நுனி கூரான ஓர் ஊசி தீர்மானிக்கிறது. அதுதான் நீடில். வலப்பக்கம் திருகினால் வழி அடையும், எரிபொருள் குறையும்; இதற்கு லீன் என்று பெயர். இடப்பக்கம் திருகினால் வழி திறக்கும், எரிபொருள் கூடும், இது ரிச்.

வித்தியாசம் இங்கேதான். மோட்டர் கார்பரேட்டரின் அடியில் மிதவையோடு ஒரு கிண்ணம் இருக்கிறது. டாங்கியில் எண்ணெய் நிறைய இருந்தாலும் குறைய இருந்தாலும் கிண்ணத்தில் ஒரே அளவுதான் நிற்கும். விமானம் தலைகீழாகவும் பறக்கும், செங்குத்தாகவும் ஏறும். அங்கே கிண்ணம் வேலைக்கு ஆகாது. எரிபொருள் டாங்கியிலிருந்து நேரடியாகவே வருகிறது. சைலன்சரிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகப் புகையின் அழுத்தத்தை டாங்கிக்குக் கொடுத்து உதவினாலும், டாங்கி காலியாகக் காலியாகக் கலவை லீன் பக்கம் நகரும். மூக்கைத் தூக்கி ஏறும்போது எரிபொருள் மேட்டில் ஏற வேண்டியிருப்பதால் இன்னும் நகரும். தரையில் நின்றபடி டியூன் செய்த கலவை, வானத்தில் அதே கலவையாக இருப்பதில்லை.

நான் கொன்ற எஞ்சின்

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் ஆரம்பித்தேன். முதல் எஞ்சின் வாங்கிய புதிதில் அண்ணன் சொன்னதைக் கேட்டேனே தவிர, காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே திடலுக்குப் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, நீடிலை ஒவ்வொரு கிளிக்காக வலப்பக்கம் திருகினேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உச்சத்துக்குக் கொண்டுபோனேன். கத்திபோல் கூர்மையான சத்தம். இதைவிட நன்றாக ஓட முடியாது என்று எனக்கு ஒரே பெருமை.

இரண்டு முறை பறந்தது. மூன்றாவது முறை புறப்பட்டு ஏறும்போது, ஏறக்குறைய நூறு அடி உயரத்தில், சத்தம் ஒரு நொடி தொய்ந்தது; பிறகு நின்றே போனது. எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேராக இறக்க வேண்டும் என்பது பாலபாடம். பதற்றத்தில் திடலுக்கே திருப்பிக் கொண்டுவரப் பார்த்தேன். வேகம் இழந்த விமானம் ஒரு பக்கம் சரிந்து, பக்கத்துச் செம்பனை வரிசைக்குள் தலைகுப்புற விழுந்தது. மூன்று மாதம் இரவு இரவாக உட்கார்ந்து ஒட்டிய பால்சா மரம், அரைக் குப்பைப் பையில் அடங்கிவிட்டது.

எஞ்சினை அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. குளோ பிளக்கைக் கழற்றி விளக்கின் கீழ் காட்டினார். கம்பிச்சுருள் நெளிந்து உருக்குலைந்திருந்தது. பிஸ்டனை வெளியே எடுத்தார். பக்கவாட்டில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குக் கீறல்கள்.

"விழுந்ததால இது சாகல. நீ அதுக்கு முன்னாடியே கொன்னுட்ட" என்றார்.

அவர் விளக்கியதை இன்றுவரை மறக்கவில்லை. மோட்டரின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் தனியாக எஞ்சின் எண்ணெய் நிற்கிறது. இந்தக் குட்டி எஞ்சினுக்கு அப்படி எதுவும் இல்லை. மசகு எண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. பொதுவாக 18 முதல் 20 விழுக்காடு எண்ணெய், 5 முதல் 15 விழுக்காடு நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். மெத்தனால் ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆகவே நீடிலை இறுக்கும்போது எரிபொருள் மட்டும் குறையவில்லை. மசகும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. சூடு மட்டும் ஏறுகிறது. இத்தனையும் நடக்கிற நேரத்தில் சத்தம் என்னவோ அருமையாகத்தான் கேட்கிறது. அதுதான் ஆபத்து. ரிச்சாக ஓடும் எஞ்சின் புகையும், தடுமாறும், முனகும்; கெட்டுப்போகாது. லீனாக ஓடும் எஞ்சின் கடைசி நிமிடம் வரை பாடிக்கொண்டே சாகும்.

காது வைத்துப் பார்க்கும் முறை

புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் பலர் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். அண்ணன் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் எஞ்சினோடு வந்த கையேட்டைப் படியுங்கள்; எண்ணிக்கைகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

நீடிலை மெதுவாக முழுக்க மூடிவிட்டு, இரண்டு அல்லது இரண்டரை சுற்று திறந்து வையுங்கள். இது ரிச்சான நிலை, தொடங்குவதற்குப் பாதுகாப்பானது. விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடமாவது சூடேற விடுங்கள். குளிர்ந்த எஞ்சினை டியூன் செய்வது, தூக்கத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பதற்குச் சமம்.

பிறகு முழு வேகம் கொடுங்கள். ரிச்சாக இருந்தால் சத்தம் கரகரப்பாக, உடைந்து உடைந்து வரும். புகை நன்றாகத் தெரியும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்காமல் ஒன்று விட்டு ஒன்று வெடிப்பதால் வரும் கரகரப்பு அது. நீடிலை ஒரு கிளிக் உள்ளே திருகி, இரண்டு மூன்று நொடி பொறுத்துக் கேளுங்கள். எஞ்சின் பதில் சொல்ல நேரம் வேண்டும். இப்படியே போனால் கரகரப்பு மறைந்து, சத்தம் சீராக மேலே ஏறும். ஒரு கட்டத்தில் அடுத்த கிளிக்குக்குச் சத்தம் ஏறாது. அதுதான் உச்சம்.

என்னைப் போன்றவர்கள் நின்றுவிடும் இடம் அது. அண்ணன் அங்கிருந்து திரும்பி வருவார். "உச்சியைப் பார்த்துட்டல்ல? இப்ப ரெண்டு கிளிக் தள்ளி வை" என்பார். நிமிடத்துக்கு 200 முதல் 400 சுற்று வரை குறையும் அளவுக்கு நீடிலைத் திறக்க வேண்டும். காதுக்குக் கொஞ்சம் கூர்மை மழுங்கியதுபோல் தெரியும். எஞ்சினின் ஆயுள் அந்த மழுங்கலில்தான் இருக்கிறது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள். முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயை ஒரு கணம் இரு விரலால் கிள்ளி விடுங்கள். சத்தம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் நல்லது. ஏறாமல் உடனே தொய்ந்தால் லீன். அடுத்து, விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சத்தம் அப்படியே நின்றாலோ சற்றே ஏறினாலோ புறப்படலாம். தொய்ந்தால் இன்னும் இரண்டு கிளிக் திறக்க வேண்டும். நான் அன்றைக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால், என் விமானம் செம்பனைக்குள் போயிருக்காது.

கடைசியாகத்தான் குறைந்த வேகத்துக்கான இரண்டாவது ஸ்குரூ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது திடீரென்று வேகம் கொடுங்கள். புகையோடு தடுமாறி ஏறினால் அங்கே ரிச். சட்டென்று நின்றுவிட்டால் லீன். எட்டில் ஒரு சுற்று திருப்பினாலே மாற்றம் தெரியும். பொறுமை இல்லாதவர்கள் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

எத்தனை திருப்பினாலும் எஞ்சின் ஒரு நிலையில் நிற்கவில்லை என்றால் நீடிலைக் குறை சொல்லாதீர்கள். குழாயில் ஊசித்துளை இருக்கும், அல்லது ரப்பர் வளையம் தேய்ந்து காற்று புகும். குழாயில் காற்றுக் குமிழி ஓடினால் அதுதான் திருடன்.

முக்கியமான ஒன்று. நீடிலைத் திருகும் கை எப்போதும் புரோப்பெல்லருக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்தோ மேலாலோ நீளக்கூடாது. சுற்றும் புரோப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அண்ணனின் வலது ஆள்காட்டி விரலில் ஐந்து தையல் தழும்பு உண்டு. கற்றுக்கொடுக்கத் தொடங்கும் முன் எல்லாரிடமும் அதைத்தான் முதலில் காட்டுவார்.

நம் ஊர்க் காற்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலை 24, 25 டிகிரி. நண்பகலுக்குள் 32, 33 ஆகிவிடும். காற்று சூடாகும்போது அடர்த்தி குறைகிறது. ஈரப்பதம் சேரும்போது ஆக்ஸிஜனுக்குரிய இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. எரிபொருள் அதே அளவு போய் ஆக்ஸிஜன் குறைந்தால் கலவை ரிச்சாகும். அதனால் காலையில் டியூன் செய்த எஞ்சின் மதியம் கொஞ்சம் சோம்பலாக ஓடும். அதில் ஆபத்தில்லை. ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. சென்ற வாரம் மதிய வெயிலில் இறுக்கி வைத்த நீடிலோடு இந்த வாரம் குளிர்ந்த காலையில் புறப்பட்டால், அடர்ந்த காற்றில் அது லீன். ஆகவே திடலுக்குப் போனதும் முதல் வேலை, நீடிலை இரண்டு மூன்று கிளிக் திறப்பது.

ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலைக்குப் பழைய கார்பரேட்டர் காடியில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேலே போகப் போகக் காடி இழுக்காமல் திணறும். மெலிந்த காற்றில் கலவை ரிச்சாகிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நம் ஊர்ப் புழுக்கத்தில் எரிபொருள் கலனின் மூடியைத் திறந்துபோட்டால் அடுத்த வாரம் எந்த டியூனும் நிற்காது. அதைவிட முக்கியம், மெத்தனால் நஞ்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கலப்பட மதுவில் இருந்த மெத்தனால் பல உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க முடியாது. கையில் பட்டால் கழுவுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் தீப்பிழம்பு கண்ணுக்கே தெரியாது. இதனால்தான் எங்கள் எரிபொருள் ஒருபோதும் ரயில் ஏறுவதில்லை. அண்ணனின் வேனில் மட்டும்தான் வரும்.

விளக்கெண்ணெய் வாசம்

எங்கள் திடலுக்கு முதன்முறை வரும் நம்மவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்கள். "இது என்னங்க, விளக்கெண்ணெய் வாசம்?" விளக்கெண்ணெயேதான். எரிபொருளில் கலக்கும் மசகில் ஆமணக்கு எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. இன்று செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்டாலும், கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும் குணத்துக்காகப் பலர் இரண்டையும் கலந்தே வாங்குகிறார்கள். முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களும் ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. கேஸ்ட்ரோல் என்ற எண்ணெய்ப் பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

தோட்டத்தில் பிறந்த அண்ணனுக்கு அந்த வாசம் வேறொன்றை நினைவூட்டும். பள்ளி விடுமுறையில் லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து அம்மா வாயில் ஊற்றிய விளக்கெண்ணெய். "அன்னைக்கு நாங்க ஓடுனோம், இன்னைக்கு எஞ்சின் ஓடுது" என்று சொல்லிச் சிரிப்பார். மளிகைக் கடை விளக்கெண்ணெயை எஞ்சினில் ஊற்றிவிடாதீர்கள். இதற்கென்று சுத்திகரித்தது வேறு.

கடல் கடந்த ஐந்து கிலோ

கலவையைச் சரியாக வைப்பதால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு மேனார்ட் ஹில் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கப் பொறியாளர். 2003-ஆம் ஆண்டு, தமது 77-ஆவது வயதில், 5 கிலோவுக்கு உட்பட்ட ஒரு குட்டி விமானத்தை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் அனுப்பினார். முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. ஆகஸ்டு 9-ஆம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட அந்த விமானம், செயற்கைக்கோள் வழிகாட்டலில் தானே பறந்து, 38 மணி 52 நிமிடம் கழித்து அயர்லாந்தின் கடற்கரையில் இறங்கியது. தூரம் ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர்.

எஞ்சின் எது தெரியுமா? ஓ.எஸ். நிறுவனத்தின் 10 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஹில் அதன் கார்பரேட்டரை மாற்றியமைத்து, முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் எரிபொருளில் ஓட வைத்தார். அவர் கணக்கு எங்கள் கணக்குக்கு நேர் எதிர். எடை வரம்பு இருப்பதால் ஒரு துளியும் வீணாகக் கூடாது. அதே நேரம் கலவை மெலிந்து எஞ்சின் நடுக்கடலில் நிற்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த மயிரிழையைத்தான் அவர் தேடிப் பிடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஹில்லின் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது; காதும் மந்தம். நண்பர்கள் அவருக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்தார்கள். இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "77-ஆ?" என்று மட்டும் கேட்டார்.

பேட்டரி காலம்

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கை வீட்டுக்கு வீடு தெரியவைத்தவர் நடிகர் அஜித்குமார். 'பில்லா' படப்பிடிப்புக்காக அவர் நம் நாட்டில் சுற்றியதை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குட்டி விமானங்கள் பறக்கவிடுவது அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். 2018-இல் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்ஐடி வளாகத்தின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரானார். டாக்டர் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த அதே எம்ஐடி. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் தக்‌ஷா குழு இரண்டாம் இடம் பெற்றது.

இன்று திடலுக்கு வரும் இளைஞர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பேட்டரி விமானமோ டிரோனோதான் கொண்டுவருகிறார்கள். அதில் குற்றமில்லை. சுத்தம், சத்தமில்லை, விசையைத் தட்டினால் பறக்கும். ஆனால் மோட்டர்களிலும் கார்பரேட்டர் போய் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. கலவையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. சத்தத்தைக் கேட்டு எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் காது, அண்ணன் தலைமுறை பட்டறைக்காரர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அண்ணனின் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் அதே வித்தைதானே!

எந்த விமானமானாலும் சட்டம் ஒன்றுதான். 400 அடிக்கு மேல் பறக்கவிடக் கூடாது. சுபாங் போன்ற விமான நிலையங்களின் சுற்றுவட்டாரத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது. குடியிருப்புகளுக்கு அருகில் தொடங்காதீர்கள். அனுபவசாலிகள் கூடும் திடலைத் தேடிப் போங்கள்.

அன்றைக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் பழைய எஞ்சினைத்தான் ஓட்டினோம். முப்பது வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. பேரிங் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். பிஸ்டன் வாங்கியபோது வந்ததேதான்.

அண்ணன் பின்னாலிருந்து விமானத்தைப் பிடித்துக்கொண்டார். நான் நீடிலில் கை வைத்தேன். கரகரப்பு போனது, சத்தம் ஏறியது, உச்சம் தெரிந்தது. அங்கிருந்து இரண்டு கிளிக் திறந்தேன். எனக்குச் சரியாகப் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் காது கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். இடது உள்ளங்கையை விமானத்தின் முதுகில் அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் மூக்கைத் தூக்கினார். உள்ளங்கையை எடுக்கவில்லை. சில நொடி கழித்து ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு கிளிக்.

திறந்தேன். தலையை ஆட்டினார்.

ஒன்பது நிமிடம் பறந்தது. இறங்கி, புல்லில் உருண்டு எங்கள் காலடிக்கு வந்து நின்றபோதும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேனில் திரும்பும்போது, ரயிலில் பார்த்த பையனைப் பற்றிச் சொன்னேன்.

"அவங்க அப்பாவோட நம்பர் வாங்கினியா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லைண்ணே."

"அடுத்த தடவை வாங்கு. காது நல்லா இருக்கிற வயசு."